மருந்து கிடைத்தது, வண்டி கிடைக்கவில்லை



போன வாரம் எட்டாம் வகுப்புப் பழைய மாணவர்கள் குழுவில் ஒரு படம் வந்தது. இரண்டு நாள் கழித்து அதே படம் நம் குடும்பக் குழுவிலும் வந்தது. "உடம்பின் சொந்தச் செல்லில் இருந்து எடுத்த எக்சோசோம், நானோ மருந்தை ஏற்றிக்கொண்டு நேரே புற்றுநோய்க் கட்டிக்குள் போய் இறங்கும். பக்கவிளைவே கிடையாது" என்று போட்டு, கீழே ஒரு போன் நம்பர். "டீச்சர், இது நிஜமா?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருவன் குழுவில் கேட்காமல் தனியாகப் போன் போட்டான். அவன் அப்பாவுக்குக் கணையத்தில் கட்டி. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதை நிறுத்திவிட்டு இந்த ஊசிக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு. அதற்காக வயலை விலை பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அவனிடம் சொன்னதைத்தான் எல்லோருக்குமாகக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். "பொய்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அந்தப் படத்தில் பாதி நிஜம் இருக்கிறது. பாதி நிஜத்தைப் பொய் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நிஜம் எதுவரைக்கும், எங்கே இருந்து கதை என்று தெரிய வேண்டுமானால் இதன் வரலாறு தெரிய வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு, முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவள். புரியாததைப் புரியும் வரை படிப்பதும், படித்ததைப் புரியும்படி சொல்வதும்தான் எனக்குத் தெரிந்த வேலை. பெரிய பதிவுதான். நிதானமாக வாசியுங்கள்.

*1. நம் மலையில் ஒரு மருந்து*

புற்றுநோய்க்கு மருந்து என்றதும் அமெரிக்கா, ஜப்பான் என்றுதான் நினைக்கிறோம். குற்றாலத்துக்குப் பின்னால் நிற்கிற நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதில் பங்கு உண்டு.

1966-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மன்ரோ வால் என்ற வேதியியலாளரும், மகாராஷ்டிரத்தில் பிறந்து அங்கே போய் வேலை பார்த்த மன்சுக் வாணி என்பவரும் சேர்ந்து, சீன நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கேம்ப்டோதெசின் என்று பெயர். எலிகளுக்கு வந்த ரத்தப் புற்றுநோயை அது நன்றாகவே கட்டுப்படுத்தியது.

சில வருஷத்தில் அதே பொருள் நம் நாட்டு மரம் ஒன்றிலும் கிடைத்தது. கண்டுபிடித்தவர் டி.ஆர்.கோவிந்தாச்சாரி. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்து, அதன் முதல்வராகவும் ஆனவர். பிறகு மும்பையில் சிபா ஆய்வு மையத்தின் இயக்குநராகப் போனார். அங்கே விஸ்வநாதன் என்பவருடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1972-ல் வெளிவந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் அந்தச் சின்ன மரத்துக்கு அப்போது மேப்பியா ஃபோட்டிடா என்று பெயர். இப்போது நோத்தபோடைட்டஸ் என்கிறார்கள். ஃபோட்டிடா என்றால் லத்தீனில் நாற்றமடிப்பது. நாற்றமடிக்கிற மரத்தில், சீன மரத்தில் இருந்ததைவிடவும் அதிகமாக அந்த மருந்துச் சரக்கு இருந்தது. அதற்காகவே பின்னாளில் அந்த மரத்தைக் கண்டபடி வெட்டி, அது அருகிப்போகும் நிலைக்கு வந்தது வேறு கதை.

ஆக, மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

*2. தப்பான ஊரில் இறங்கிய பயணி*

ஏன் நிறுத்தினார்கள்? இந்த இடம் முக்கியம்.

கேம்ப்டோதெசின் தண்ணீரில் கரையாது. ஊசியில் ஏற்ற வேண்டுமே என்று அதை உப்பாக மாற்றிக் கரைத்தார்கள். அந்த மூலக்கூறில் ஒரு வளையம் இருக்கிறது. வளையம் மூடியிருந்தால்தான் மருந்து வேலை செய்யும். உப்பாக மாற்றும்போது அந்த வளையம் திறந்துகொள்கிறது. நம் ரத்தமும் லேசான காரத்தன்மை உள்ளது, அதன் பிஎச் அளவு 7.4. காரத்தில் வளையம் திறந்தபடியே இருக்கும். அமிலத்தில் மூடிக்கொள்ளும். எட்டாம் வகுப்பில் லிட்மஸ் தாள் வைத்து நாம் பார்த்த அதே அமிலமும் காரமும்தான்.

ரத்தத்தில் போகும்போது மருந்து தூங்கிக்கொண்டே போனது. கட்டி இருந்த இடத்தைத் தாண்டிப் போனது. கடைசியில் சிறுநீர்ப்பைக்கு வந்து சேர்ந்தது. சிறுநீர் பெரும்பாலும் அமிலம். அங்கே வளையம் மூடிக்கொண்டது. மருந்து விழித்துக்கொண்டு சிறுநீர்ப்பையையே புண்ணாக்கியது. ரத்தம் ரத்தமாகப் போனது. வயிற்றுப்போக்கும், ரத்த அணுக்கள் குறைவதும் வேறு.

தென்காசியில் இறங்க வேண்டியவர் பஸ்ஸில் அசந்து தூங்கி, செங்கோட்டையில் போய் முழித்துக்கொண்டு அங்கே ஒரு வீட்டுக் கதவைத் தட்டின கதைதான். பயணி மேல் குற்றமில்லை. சரியான இடத்தில் எழுப்பி இறக்கிவிட ஆள் இல்லை.

புற்றுநோய் மருந்துகளுக்கெல்லாம் பொதுவான பிரச்சினை இது. பெரும்பாலானவை வேகமாகப் பிரியும் செல்களைக் கொல்லும் விஷங்கள். புற்றுநோய்ச் செல் வேகமாகப் பிரிகிறது. முடியின் வேரும், குடலின் உள்தோலும், எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான் பிரிகின்றன. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாந்தி வருகிறது. "நோய் இருக்கும் இடத்தை மட்டும் தேடிப்போய் அடிக்கும் மந்திரத் தோட்டா வேண்டும்" என்ற எண்ணத்தை ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பேசினார். 1908-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். தோட்டாவுக்கு மருந்து கிடைத்துக்கொண்டே இருந்தது. குறிபார்க்கத்தான் வழி இல்லை.

*3. முதல் வண்டி: கொழுப்புக் குமிழி*

1960-களில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் பாபரகாம் என்ற ஊரில் அலெக் பேங்காம் என்ற ஆராய்ச்சியாளர், முட்டையில் உள்ளது போன்ற கொழுப்பைத் தண்ணீரில் கலக்கி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். கொழுப்பு தானாகவே சுருண்டு, உள்ளே தண்ணீரை வைத்துக்கொண்டு குட்டிக் குட்டிக் குமிழிகளாகியிருந்தது. நம் செல்லின் மேல்சவ்வும் அதே மாதிரிக் கொழுப்பால் ஆனதுதான். இந்தக் குமிழிக்கு லைப்போசோம் என்று பெயர் வந்தது.

உள்ளே தண்ணீர் நிற்குமானால் மருந்தும் நிற்குமே என்று யோசித்தார்கள். யோசிக்க நாள் பிடிக்கவில்லை, செய்து முடிக்கத்தான் முப்பது வருஷம் ஆனது. ஜெருசலேமில் பேரன்ஹோல்ஸ், கபிசோன் என்ற இருவரின் உழைப்பில் உருவான டாக்சில் என்ற மருந்துக்கு 1995-ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. டாக்சோரூபிசின் என்ற பழைய மருந்தை லைப்போசோமுக்குள் அடைத்ததுதான் அது. அந்தப் பழைய மருந்து இதயத்தைக் கெடுக்கும் தன்மை உள்ளது. வண்டியில் ஏற்றியதும் இதயத்துக்கு ஆபத்து குறைந்தது.

இதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 2012-ல் அமெரிக்காவில் டாக்சில் தட்டுப்பாடு வந்தபோது, நம் நாட்டு சன் பார்மா நிறுவனத்தின் லிப்போடாக்ஸ் என்ற மருந்தைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய அந்த நாட்டு அரசு அனுமதித்தது. அடுத்த வருஷம் சன் பார்மாவின் தயாரிப்புக்கு முறையான ஒப்புதலே கொடுத்தது. நமக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கும் லைப்போசோம் ஒன்று உண்டு. 2021-ல் கொரோனாவோடு கருப்புப் பூஞ்சை வந்தபோது, "லைப்போசோமல் ஆம்போடெரிசின் எங்கே கிடைக்கும்" என்று ஊரெல்லாம் அலைந்தோமே, அது இதே குமிழிதான்.

இனி நம் பயணிக்கு வருவோம். 1985-ல்தான் கேம்ப்டோதெசின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தது. தேங்காய் நார்க் கயிற்றை ஒரு பக்கம் பிரித்தால் மறுபக்கம் முறுக்கேறும் இல்லையா? செல் பிரியும்போது டி.என்.ஏ.விலும் அதே சிக்கல். அந்த முறுக்கை எடுத்துவிட ஒரு நொதி இருக்கிறது. அது ஒரு இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டிவிடும். கேம்ப்டோதெசின் வந்து அந்த நொதியை ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்ளும். வெட்டு வெட்டாகவே நிற்கும். செல் சாகும்.

இது தெரிந்ததும் மருந்தின் மேல் மறுபடி மதிப்பு வந்தது. கரையும்படியாக அதை மாற்றி இரினோடெகான், டோபோடெகான் என்று இரண்டு மருந்துகள் வந்தன. இரினோடெகானை உருவாக்கியது ஜப்பானின் யாகுல்ட் நிறுவனம். கடையில் சின்ன பாட்டிலில் விற்கிற புளித்த பால் பானத்தின் அதே யாகுல்ட். 1996-ல் இரண்டுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இன்று இரினோடெகான் நம் நாட்டிலேயே தயாராகிறது. குடல், கணையப் புற்றுநோய்க்கு நம் ஆஸ்பத்திரிகளில் ஏற்றுகிறார்கள்.

2015-ல் இரினோடெகானையும் லைப்போசோமில் ஏற்றிவிட்டார்கள். முற்றிய கணையப் புற்றுநோய்க்கு, முதல் மருந்து பலன் தராமல் போனவர்களுக்கு அது ஒப்புதல் பெற்றது. எவ்வளவு பலன் தெரியுமா? வழக்கமான மருந்து மட்டும் எடுத்தவர்களின் ஆயுள் நடுக்கணக்காக 4.2 மாதம். அதோடு இந்தக் குமிழி மருந்தும் எடுத்தவர்களுக்கு 6.1 மாதம். கூடக் கிடைத்தது இரண்டு மாதத்துக்கும் குறைவு. அவமதிப்பாகச் சொல்லவில்லை. ஒரு குடும்பத்துக்கு அந்த இரண்டு மாதம் பெரிதுதான். "நேரே கட்டிக்குள் போய் இறங்கும்" என்ற விளம்பரத்துக்கும் நிஜத்துக்கும் எவ்வளவு தூரம் என்று காட்டத்தான் இந்தக் கணக்கு.

*4. வண்டியைப் பிடித்துத் தின்கிற காவல்காரர்கள்*

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் சிவப்பணு ஏறக்குறைய 7,000 முதல் 8,000 நானோமீட்டர் அகலம். லைப்போசோம் மருந்துகள் 100 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். சிவப்பணுவின் குறுக்கே எழுபது எண்பது வண்டிகளை வரிசையாக நிறுத்தலாம்.

இவ்வளவு சின்னதாக இருந்தாலும் உடம்பு கண்டுபிடித்துவிடும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் காவல் செல்கள் இருக்கின்றன. ரத்தத்தில் வரும் அந்நியத் துகளைப் பிடித்து விழுங்குவதுதான் அவற்றின் வேலை. கிருமியா, மருந்து வண்டியா என்று அவற்றுக்குப் பேதம் கிடையாது.

2016-ல் கனடாவின் டொரண்டோவில் வாரன் சான் என்பவரின் குழு, அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் எலிகளில் நடந்த நானோ மருந்து ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டது. செலுத்திய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுக்கணக்காக 0.7 சதவீதம். ஆயிரம் வண்டி புறப்பட்டால் ஏழு வண்டிதான் ஊர் போய்ச் சேருகிறது. மீதியை வழியில் பிடித்துவிடுகிறார்கள், அல்லது அவை வழிதவறிப் போய்விடுகின்றன.

இதில் இருந்துதான் அடுத்த யோசனை வலுத்தது. அந்நிய வண்டியைத்தானே பிடிக்கிறாய்? உன் வீட்டு வண்டியிலேயே வருகிறேன்.

*5. உடம்பின் சொந்த வண்டிகள்*

சிவப்பணு ஒரு நல்ல வண்டி. மூக்கு நுனி முதல் கால் விரல் வரை எங்கும் போகும். சுமார் 120 நாள் ஓடும். 1973-லேயே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கேரட் இலர் என்பவரின் குழு சிவப்பணுவுக்குள் நொதியை ஏற்றிக் காட்டியது. எப்படி? உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊதும் என்று வகுப்பில் செய்து பார்த்தோமே, சவ்வூடு பரவல், அதேதான். நீர்த்த உப்புக்கரைசலில் போட்டால் சிவப்பணு ஊதி, அதன் சவ்வில் துளைகள் விழும். அந்த நேரத்தில் மருந்து உள்ளே போய்விடும். மறுபடி உப்பைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தால் துளை மூடிக்கொள்ளும்.

காவல் செல்கள் சிவப்பணுவை ஏன் தின்பதில்லை என்று 2000-ல் தெரிந்தது. சிடி47 என்ற ஒரு புரதம் அதன் மேல் இருக்கிறது. "நான் நம்ம வீட்டுப் பிள்ளை, என்னைத் தின்னாதே" என்று காட்டுகிற அடையாள அட்டை மாதிரி. 2011-ல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் லியாங்ஃபாங் ஜாங் என்பவரின் குழு இந்த அடையாளத்தையே கடன் வாங்கியது. சிவப்பணுவின் மேல்தோலை மட்டும் உரித்து, செயற்கையாகச் செய்த நானோ துகளின் மேல் போர்த்தினார்கள். எலியின் ரத்தத்தில், செயற்கைப் பூச்சுப் பூசிய துகள்களில் பாதி 16 மணி நேரத்தில் காணாமல் போயின. சிவப்பணுத் தோல் போர்த்தியவற்றில் பாதி காணாமல் போக ஏறக்குறைய 40 மணி நேரம் ஆனது. இயற்கையான செல்லின் போர்வையில் நானோ துகளை ஒளித்து அனுப்பும் வேலை இதற்குப் பிறகு உலகம் முழுவதும் பரவியது.

அடுத்தது எக்சோசோம். இதன் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பிஞ்சுச் சிவப்பணு முற்றும்போது தனக்கு இனித் தேவைப்படாத சரக்கை வெளியே தள்ளும். 1983-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன் என்ற அம்மா செம்மறியாட்டின் ரத்தத்தை வைத்து இதை ஆராய்ந்தார். இரும்புச்சத்தை உள்ளே இழுக்கும் வாசல் புரதத்தைச் செல் சின்னச் சின்னப் பைகளில் கட்டி வெளியே போடுவதைப் பார்த்தார். அதே வருஷம் அமெரிக்காவில் பிலிப் ஸ்டால் என்பவரின் குழுவும் இதைக் கண்டது. 1987-ல் எக்சோசோம் என்ற பெயரை வைத்தவர் ஜான்ஸ்டோன். 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள பைகள். "குப்பைப் பை" என்றுதான் பல வருஷம் உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

2007-ல் ஸ்வீடனில் ஜான் லோட்வால் என்பவரின் குழு, அந்தப் பைக்குள் ஆர்.என்.ஏ. இருப்பதையும், ஒரு செல் அனுப்பிய பையை இன்னொரு செல் பிரித்து அதில் உள்ள செய்தியைப் பயன்படுத்துவதையும் காட்டியது. குப்பைப் பை என்று நினைத்தது தபால் பை. உடம்பின் எல்லாச் செல்களும் ஒன்றுக்கொன்று தபால் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நம் தபாலையும் அந்தப் பையிலேயே போட்டு அனுப்பினால் என்ன?

2011-ல் ஆக்ஸ்ஃபோர்டில் மேத்யூ வுட் என்பவரின் குழு அதைச் செய்தது. எலியின் செல்லில் இருந்தே எக்சோசோம் எடுத்து, ஆர்.என்.ஏ. மருந்தை ஏற்றி, எலியின் மூளைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2016-ல் அமெரிக்காவின் லூயிவில்லில் பசும்பாலில் இருந்தே எக்சோசோம் பிரித்து அதில் புற்றுநோய் மருந்தை ஏற்றி எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். (உடனே "பால் குடித்தால் புற்றுநோய் போகும்" என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம்.) 2017-ல் ஹூஸ்டனில் உள்ள எம்.டி.ஆண்டர்சன் மையத்தில் ரகு கல்லூரி என்பவரின் குழு, கணையப் புற்றுநோய்க்குக் காரணமான கேராஸ் என்ற மரபணுவின் பிழையை அடக்கும் ஆர்.என்.ஏ.வை எக்சோசோமில் ஏற்றியது. எலிகளின் ஆயுள் கூடியது. செயற்கை லைப்போசோமைவிட இது நன்றாக வேலை செய்தது. ஒரு காரணம், அந்த எக்சோசோமின் மேலும் சிடி47 அடையாள அட்டை இருந்தது. 2021-ல் அதே மையத்தில் நோயாளிகளிடம் முதல் கட்டச் சோதனை தொடங்கியது.

அந்தப் படத்தில் இருந்த பாதி நிஜம் இதுதான்.

*6. நிஜம் முடிகிற இடம்*

முதல் கட்டச் சோதனை என்றால் என்ன? கொஞ்சம் பேருக்குக் கொடுத்து, ஆபத்து இல்லையா, எவ்வளவு அளவு தாங்கும் என்று பார்ப்பது. நோய் குணமாகிறதா என்று உறுதியாகச் சொல்ல அதற்குப் பிறகும் பெரிய சோதனைகள் இருக்கின்றன. அந்தப் படிகளில் தடுக்கி விழுந்தவர்கள் உண்டு. சிவப்பணுவில் மருந்தை ஏற்றிக் கணையப் புற்றுநோய்க்குக் கொடுத்த பிரெஞ்சு நிறுவனத்தின் மூன்றாம் கட்டச் சோதனை, நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை என்று 2021 அக்டோபரில் முடிந்தது. எக்சோசோமையே நம்பித் தொடங்கிய கோடியாக் என்ற அமெரிக்க நிறுவனம் 2023-ல் திவாலானது.

என்ன தடை? ஒன்று, செல்கள் எக்சோசோமைச் சொற்பமாகத்தான் தருகின்றன. ஒரு நோயாளிக்குப் போதுமானதைச் சேர்க்கவே ஏராளமான செல்களை வளர்க்க வேண்டும். இரண்டு, ஒரு தடவை எடுத்தது போல அடுத்த தடவை இருப்பதில்லை. மாத்திரை என்றால் எல்லா மாத்திரையும் ஒன்றுபோல இருக்க வேண்டுமே. மூன்றாவதுதான் பெரிது. புற்றுநோய்ச் செல்லும் இதே தபாலைப் பயன்படுத்துகிறது. தான் பரவப்போகும் இடத்துக்கு முன்னாலேயே பை அனுப்பி, அந்த இடத்தைத் தனக்கு ஏற்றபடி தயார் செய்கிறது. எந்தச் செல்லில் இருந்து, எப்படி எடுத்தது என்று தெரியாத எக்சோசோமை ஏற்றிக்கொள்வது, யார் எழுதியது என்று தெரியாத பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது மாதிரி.

2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தில், எக்சோசோம் என்று சொல்லி விற்ற ஒப்புதல் இல்லாத பொருளைப் போட்டுக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்திருந்தது. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று ஒப்புதல் பெற்ற எக்சோசோம் மருந்து அந்த நாட்டிலும் இல்லை, நம் நாட்டிலும் இல்லை.

அப்படியானால் செல்லில் விளைந்த வண்டி எதுவுமே ஆஸ்பத்திரிக்கு வரவில்லையா? வந்திருக்கிறது, வேறு உருவத்தில். ஆன்டிபாடி என்ற எதிர்ப்புரதத்தை ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் தயாரிக்கிறார்கள். சில மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் மேல் உள்ள ஒரு புரதத்தை அது தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அந்த எதிர்ப்புரதம் ஒவ்வொன்றிலும் எட்டு மருந்து மூலக்கூறுகளைக் கட்டித் தொங்கவிட்ட மருந்து 2019-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. அந்த எட்டு பயணிகள் யார் தெரியுமா? கேம்ப்டோதெசின் குடும்பம்தான். 1970-களில் சிறுநீர்ப்பையில் போய் இறங்கிய அதே பயணியின் பேரப்பிள்ளைகள். விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரம். நுரையீரலைப் பாதிக்கும் ஆபத்தும் உண்டு. "பக்கவிளைவே கிடையாது" என்று அதைத் தயாரித்தவர்களே சொல்வதில்லை. பக்கவிளைவே இல்லை என்று ஒருவர் சொன்னாலே, அவர் உங்களிடம் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியின் சொந்தச் செல்லையே மாற்றி மருந்தாக்கும் முறையும் வந்துவிட்டது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் நம் நாட்டில் ஒப்புதல் கிடைத்தது. அது சில வகை ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும். கணையக் கட்டிக்கு அல்ல.

*7. நம் ஊரில் நாம் செய்ய வேண்டியது*

தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து ஜனங்கள் ஆரியங்காவு, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குப் போவது வழக்கம். 1981-ல் தொடங்கிய அரசு மையம் அது. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலும் புற்றுநோய்க்குச் சிகிச்சை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் இந்த மாதமே எடுத்துவிடுங்கள். நோய் வந்த பிறகு அதற்காக அலைவது கஷ்டம்.

யாராவது புதுச் சிகிச்சை என்று சொன்னால், பணம் கட்டுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: இது ஒப்புதல் பெற்ற மருந்தா? ஆமாம் என்றால் மருந்தின் பெயரை எழுதி வாங்கி, உங்களுக்குச் சிகிச்சை தரும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டு: "இது சோதனை முறை" என்று சொன்னால், பதிவு எண் என்ன? நம் நாட்டில் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்ய அரசின் பதிவேடு இருக்கிறது. சி.டி.ஆர்.ஐ. என்று தேடினால் யாரும் பார்க்கலாம். 2009 ஜூன் முதல் அதில் பதிவு கட்டாயம்.

மூன்று: சோதனை என்றால் என்னிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? சோதனையில் இருக்கும் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் காசு வாங்கினால் அதற்குப் பெயர் வியாபாரம்.

நான்கு: இப்போது நடக்கும் சிகிச்சையை நிறுத்தச் சொல்கிறார்களா? நிறுத்தச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நம் அரசு ஆஸ்பத்திரியில் பாட்டிலில் தொங்குகிற சாதாரண மருந்துக்குப் பின்னால் அறுபது வருஷத்து உழைப்பும், ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அனுபவமும் இருக்கின்றன. அதை வாட்ஸ்அப் படத்துக்காக விட்டுவிடாதீர்கள்.

எக்சோசோம் ஒருநாள் மருந்தாக வரலாம். லைப்போசோம் நுண்ணோக்கியில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வர முப்பது வருஷம் ஆனது. எக்சோசோம் தபால் பை என்று தெரிந்தே இன்னும் இருபது வருஷம் முழுசாக ஆகவில்லை. அதில் வேலை செய்கிறவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. உங்களில் சிலருடைய பிள்ளைகள் பயோடெக் படிக்கிறார்கள். இந்த வண்டியை ஓட வைக்கும் வேலையில் அவர்களும் இருந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

ஆனால் இன்று நோயில் இருக்கிறவர்களுக்கு இன்றைக்கு இருக்கிற சிகிச்சைதான் உதவும். அதுவும் சீக்கிரமாகப் போனால்தான் முழுசாக உதவும். வீட்டில் அம்மா, ஆச்சி, மதினி யாராவது மார்பில் கட்டி என்றோ, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுகிறது என்றோ சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கலாம். அப்பாவும் மாமாவும் காரணமில்லாமல் எடை குறைவதை, ஆறாத வாய்ப்புண்ணைச் சும்மா விட்டிருக்கலாம். இன்று ராத்திரி சாப்பிடும்போது ஒரு வார்த்தை கேளுங்கள். அறிகுறி இருந்தால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். மருந்து, அளவு பற்றிய கேள்விகளை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

எல்லோரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் டீச்சர்